சைக்கிள் ஹப் பேரிங்கை வீட்டிலேயே பிரித்து, கிரீஸ் வைத்து, மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கி, ஒரு கையால் ஃபோர்க்கையும் மறு கையால் ரிம்மின் மேல்பகுதியையும் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். ரிம் பிரேக் கட்டையை நோக்கித் தட்டுத் தட்டென்று அசைந்தால், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் ஆட்டம் இருக்கிறது. ஆட்டம் இல்லையென்றால், விரல் நுனியை ஃபோர்க் கம்பியின் மீது வைத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரலுக்குத் தெரிந்தால், உள்ளே கிரீஸ் வற்றியிருக்கிறது அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. பின் சக்கரத்திற்கும் இதே சோதனைதான். சீட்டிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு இறங்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு அறிகுறிகளில் எது தெரிந்தாலும் ஹப்பைப் பிரித்துவிடுவதே நல்லது. தள்ளிப்போட்டால், சில குண்டுகளையும் ஒரு கோனையும் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, ஹப்பையே மாற்றி ஸ்போக் அனைத்தையும் கழற்றிச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டும் வேலையாக வளர்ந்துவிடும்.

அது ஏன் என்பது ஹப்பின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நம் ஊரின் 28 அங்குலக் கறுப்பு சைக்கிள்களிலும், கியர் சைக்கிள்கள் பலவற்றிலும் கப்பும் கோனும் சேர்ந்த பேரிங்தான் இருக்கிறது. ஹப்பின் இரு முனைகளிலும் கிண்ணம் போலக் குழிந்த கப் உண்டு. ஆக்ஸிலின் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் கோன் அந்தக் கப்பை நோக்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் குண்டுகள் உருளுகின்றன. ஓடும்போது கப் ஹப்போடு சேர்ந்து சுற்றுவதால், பாரம் அதன் சுற்றளவு முழுவதும் மாறி மாறி விழுகிறது. ஆக்ஸிலும் கோனும் சுற்றுவதில்லை. ஆகவே ஓட்டுபவரின் எடை எப்போதும் கோனின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. இதனால் முதலில் குழி விழுவது கோனில்தான். கோன் மலிவான பொருள், திருகிக் கழற்றிவிடலாம். ஆனால் குழி விழுந்த கோனோடு தொடர்ந்து ஓட்டினால், அதிலிருந்து உதிரும் எஃகுத் துகள்கள் கிரீஸோடு கலந்து கப்பையும் அரிக்கத் தொடங்கும். பெரும்பாலான ஹப்களில் கப்பைத் தனியாக மாற்ற வழியில்லை. கோன் கெட்டிருக்கும்போதே கண்டுபிடித்துக் கப்பைக் காப்பாற்றுவதே இந்த வேலை முழுவதன் நோக்கமும் ஆகும்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் இரு சக்கரங்களையும் பிரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். முழங்காலளவு வெள்ளத்தில் ஒரு முறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாலும் ஹப் நீரில் மூழ்கியிருக்கும் என்பதால், அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்துவதால் ஆண்டுக்கு இரு முறை பார்ப்பது பாதுகாப்பு.

தேவையான கருவிகளும் பொருள்களும்

சாதாரண ஸ்பேனர் கோனில் பிடிக்காது; கோனில் ஸ்பேனருக்காகச் சீவப்பட்ட இடம் அவ்வளவு குறுகலானது. சுமார் 2 மி.மீ. கனமே உள்ள கோன் ஸ்பேனர் வேண்டும். கியர் சைக்கிள்களின் முன் கோனுக்கு 13 மி.மீ., பின் கோனுக்கு 15 மி.மீ., கோனை நகராமல் பூட்டும் லாக் நட்டுக்கு 17 மி.மீ. என்பது பரவலான அளவு என்றாலும், வாங்குமுன் உங்கள் சைக்கிளில் அளந்துகொள்ளுங்கள். கோனை எப்படியோ பிடித்தால் போதும் என்று இடுக்கியால் கடித்துத் திருப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சீவிய விளிம்பு மழுங்கிவிட்டால் பிறகு எந்த ஸ்பேனரும் அதில் நிற்காது. மற்றபடி, ஆக்ஸில் நட்டுகளுக்கான ஸ்பேனர், மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய பல் துலக்கும் பிரஷ், பனியன் வேஸ்ட், குண்டுகளை எடுக்கச் சாமணம் அல்லது ஒரு சிறு காந்தம், அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு ஆகியவை போதும். கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி மூடிய அறையில் எளிதில் தீப்பிடிக்கும்.

கிரீஸைப் பொறுத்தவரை, வாகனச் சக்கர பேரிங்குகளுக்கென விற்கப்படும் லித்தியம் கிரீஸ் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் போன்றவற்றை ஹப்புக்குள் விட்டால் இருக்கும் கிரீஸும் கரைந்து வெளியேறிவிடும்.

குண்டுகளின் அளவு முக்கியம். பெரும்பாலான சைக்கிள்களில் முன் ஹப்பில் 3/16 அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 1/4 அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு 9 இருக்கும். மில்லிமீட்டரில் இவை முறையே 4.76, 6.35. ஆயினும் உங்கள் ஹப்பிலிருந்து எடுத்த குண்டை அளந்த பிறகே புதியதை வாங்குங்கள். குண்டுகளுக்குத் தர எண் உண்டு. எண் குறையக் குறைய உருண்டை துல்லியமாக இருக்கும். 25 என்ற தரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சில ஹப்களில் குண்டுகள் தகர வளையத்தில் கோத்து வரும். அந்த வளையத்தை விட்டுவிட்டு உதிரிக் குண்டுகளைப் போட்டால் இன்னும் சில குண்டுகளுக்கு இடம் கிடைக்கும். பாரத்தைத் தாங்குபவை அதிகமாகும்.

முன் ஹப்பைப் பிரித்தல்

சக்கரத்தைக் கழற்றுமுன், ஆக்ஸிலின் இரு பக்கங்களிலும் என்னென்ன எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு சைக்கிளில் மட்கார்டு கம்பியின் காது, வாஷர், நட்டு என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் திரும்ப வர வேண்டும். கழற்றியவற்றை ஒரு செய்தித்தாளின் மீது கழன்ற வரிசையிலேயே, இடப்பக்கத்தது இடப்பக்கமும் வலப்பக்கத்தது வலப்பக்கமுமாக அடுக்கி வையுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டுமே பிரிக்க வேண்டும். மறு பக்கக் கோன் ஆக்ஸிலில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஆக்ஸில் இரு புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு மாறாது. கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பேனரால் லாக் நட்டை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அது இளகியதும் லாக் நட்டு, பற்களோ நாக்கோ உள்ள வாஷர், கோன் ஆகியவை ஒவ்வொன்றாக வெளிவரும். நாக்குள்ள வாஷர் ஆக்ஸிலில் வெட்டப்பட்ட பள்ளத்தில் நழுவி வருவதால், மரையைக் கீறாமல் நேராக இழுக்க வேண்டும். சில கறுப்பு சைக்கிள்களின் முன் ஹப்பில் லாக் நட்டே இராது. வெளி நட்டை இறுக்கும்போது ஃபோர்க்கும் கோனும் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். அத்தகைய ஹப்பில் ஆட்டம் சரி செய்வதைச் சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிய பிறகே முடிக்க இயலும்.

கோன் கழன்றதும் ஆக்ஸிலை உடனே உருவிவிடாதீர்கள். சக்கரத்தைத் தட்டின் மீது கிடத்தி, ஆக்ஸிலை மறு பக்கமாக மெல்ல இழுங்கள். சில குண்டுகள் கோனோடு ஒட்டிக்கொண்டு வரும், சில கப்பிலேயே இருக்கும், சில ஹப்பின் நடுக்குழாய்க்குள் உருண்டு போய்விடும். இரு பக்கக் குண்டுகளையும் தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்து வராவிட்டால், அதற்கு முன் பிரித்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம், நடுக்குழாய்க்குள்ளும் பார்த்துவிடுங்கள். கப்பை மூடியிருக்கும் தகரத் தூசி மூடியை, அவசியம் இல்லையென்றால் கழற்ற வேண்டாம். கழற்றும்போது வளைந்துவிட்டால் அது திரும்ப நேராக உட்காராது, கோனில் உரசிக்கொண்டே இருக்கும்.

கழுவிப் பார்த்தல்

கப், கோன், ஆக்ஸில், வாஷர் அனைத்தையும் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் உலர்த்துங்கள். கழுவிய அழுக்கு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடலாம்.

அடுத்து வருவதே தீர்ப்புச் சொல்லும் கட்டம். கோனை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டுகள் ஓடிய தடம் ஒரே சீரான, பளபளப்பான வளையமாக இருந்தால் கோன் நன்றாக இருக்கிறது. அந்த வளையத்தில் எங்காவது ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகளோ, தோல் உரிந்தது போன்ற சொரசொரப்போ இருந்தால் கோனை மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழியை ஒரு பால்பாயிண்ட் பேனா காட்டிக்கொடுக்கும். பேனா முனையைத் தடத்தில் மெல்ல வைத்து ஒரு சுற்று இழுங்கள். நல்ல தடத்தில் முனை வழுக்கிக்கொண்டு போகும், குழி இருக்கும் இடத்தில் தடுக்கும். இதே சோதனையைக் கப்புக்குள்ளும் செய்யுங்கள். குழியின் மீது நுண்ணிய எமரி தாளைத் தேய்த்துச் சமன் செய்யலாம் என்று சிலர் சொல்வதுண்டு. கடினமாக்கப்பட்ட மேல்தோல் உரிந்த இடத்தை எமரி திரும்பக் கொண்டுவராது என்பதால் அந்த உழைப்பு வீணே.

புதிய கோன் உடனே கிடைக்காத நிலையில், குழி விழுந்த பக்கம் மேலே இருக்கும்படி ஆக்ஸிலைத் திருப்பி மாட்டிச் சில நாள் ஓட்டலாம். பாரம் அடிப்பக்கத்தில் மட்டுமே விழுவதால் இது உதவுகிறது. ஆனால் இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சமமான கண்ணாடியின் மீதோ டைல்ஸ் தரையின் மீதோ அதை உருட்டினால், வளைந்திருக்கும் ஆக்ஸில் நடுவில் தூக்கித் தூக்கி விழும். அதை நிமிர்த்தி மாட்டுவதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

புதிய கோன் வாங்கப் போகும்போது பழைய கோனையும் ஆக்ஸிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரை பொருந்துகிறதா, உயரம் ஒன்றா, தூசி மூடிக்குள் நுழையும் விட்டம் ஒன்றா, குண்டு ஓடும் வளைவு ஒன்றா என நான்கையும் ஒப்பிட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பு சைக்கிளின் பின் ஆக்ஸில் பெரும்பாலும் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ.; அங்குலத்துக்கு 26 மரை. கியர் சைக்கிளின் பின் ஆக்ஸில் 10 மி.மீ.; மரை இடைவெளி 1 மி.மீ. இரண்டு மரைகளும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், 10 மி.மீ. கோன் 3/8 அங்குல ஆக்ஸிலில் தளர்வாக ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று எண்ணக் கூடாது. ஆக்ஸிலின் மீது கோனை வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் அந்தத் தளர்வு கைக்குத் தெரியும். அத்தகைய கோன் பாரத்தில் மரையையே தின்றுவிடும்.

குண்டுகளைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது: பிரித்தால் எல்லாவற்றையும் புதியதாகப் போட்டுவிட வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால், இம்மியளவு பெரிதாக உள்ள புதிய குண்டுகளே பாரம் முழுவதையும் சுமந்து முதலில் உடையும்.

கிரீஸ் வைத்துப் பூட்டுதல்

இரு கப்களிலும் சுற்றுவட்டம் முழுவதும் தாராளமாகக் கிரீஸ் பூசுங்கள். பேரிங்கை மட்டுமல்லாமல் ஆக்ஸிலின் நடுப்பகுதியிலும் மெல்லிய பூச்சு இருந்தால் உள்ளே துரு பிடிக்காது. பழைய கறுப்பு சைக்கிள்களில் ஹப்பின் நடுவில் ஆயில் விடுவதற்கு ஒரு சிறு ஓட்டையும், அதை மூடும் சுருள் தகடும் இருக்கும். அந்தத் தகடு தொலைந்திருந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். ஆகவே பூட்டுமுன் புதிய தகடு போடுங்கள் அல்லது ரப்பர் ட்யூப் துண்டு ஒன்றை வளையமாக வெட்டி மாட்டிவிடுங்கள்.

சாமணத்தால் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் அழுத்தி வையுங்கள். கப் நிறைந்த பிறகு ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மிஞ்சுவது சரியான நிலை. இடம் இருப்பது போலத் தெரிகிறதே என்று இன்னொரு குண்டைத் திணித்தால், அவை ஒன்றோடொன்று மோதி உருளாமல் தேயும். கோன் ஏற்கெனவே இருக்கும் முனையோடு ஆக்ஸிலை, அது வெளிவந்த பக்கத்திலிருந்தே மெல்லச் செருகுங்கள். மறு முனையில் அது எட்டிப் பார்க்கும்போது, அங்குள்ள குண்டுகளை ஆக்ஸில் இடறிவிடாதபடி கவனியுங்கள். பிறகு கோனைக் கையால் திருகி, குண்டுகளைத் தொடும் வரை கொண்டுவந்து, வாஷரையும் லாக் நட்டையும் ஏற்றுங்கள்.

ஆட்டத்தைச் சரி செய்தல்

இந்த ஒரு கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். கோனை மிகவும் இறுக்கினால் குண்டுகள் தடத்தில் அச்சு பதித்து, கோன் சில மாதங்களிலேயே குழி விழும். தளர்வாக விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் சுத்தியல் அடி போல மோதும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சரியான நிலை ஸ்பேனரின் கால் திருப்பத்துக்கும் குறைவான அகலமுடையது.

கோனை விரல்களால் மட்டும் திருகி, ஆட்டம் முழுவதும் மறையும் வரை கொண்டுவாருங்கள். பிறகு சிறிதளவு பின்னோக்கி விடுங்கள். கோன் ஸ்பேனரால் கோனை அந்த இடத்திலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது லாக் நட்டு கோனை மரையின் இடைவெளியளவு உள்ளே தள்ளும். முதலில் சற்றுத் தளர்வாக விட்டது இதற்காகத்தான். இறுக்கியதும் ஆக்ஸிலின் முனையை இரு விரல்களால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். புதிய கோனும் குண்டும் என்றால், கிரீஸின் மென்மையான தடுப்பு தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. பிறகு ஆக்ஸிலை மேலும் கீழுமாக அசைத்து ஆட்டம் பாருங்கள்.

இறுக்கமாக இருந்தால், இரு பக்கக் கோன்களிலும் ஒவ்வொரு கோன் ஸ்பேனரைப் போட்டு, இரண்டையும் இடஞ்சுழியாக ஒரு நூலளவு திருப்புங்கள். கோன்கள் லாக் நட்டுகளை நோக்கி நெருங்கிப் பூட்டு இறுகும், பேரிங் இளகும். தளர்வாக இருந்தால் ஸ்பேனர்களை இரு லாக் நட்டுகளிலும் போட்டு வலஞ்சுழியாகச் சற்றுத் திருப்புங்கள். முதல் முறையிலேயே சரியான நிலை கிடைக்காது. அனுபவமுள்ள மெக்கானிக்கும் மூன்று நான்கு முறை மாற்றிப் பார்ப்பார். பொறுமை இழந்து 'இது போதும்' என்று விட்டுவிடாதீர்கள்.

குயிக் ரிலீஸ் நெம்புகோல் உள்ள சக்கரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நெம்புகோலை மூடும்போது உள்ளீடற்ற ஆக்ஸில் மிக மெல்லிய அளவு சுருங்கி, கோன்கள் உள்ளே நெருங்குகின்றன. ஆகவே சக்கரம் கையில் இருக்கும்போது மிக மெல்லிய ஆட்டம் இருக்கட்டும். ஃபோர்க்கில் மாட்டி நெம்புகோலை மூடியதும் அது மறைய வேண்டும். அப்படி மறைந்தால் அதுவே சரியான அளவு.

பின் ஹப்: எங்கே வேறுபடுகிறது

பின் சக்கரத்தில் செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி, செயினை இழுத்துப் பிடிக்கும் அட்ஜஸ்டர் எல்லாம் ஒரே ஆக்ஸிலில் கோத்திருப்பதால், முன்பு சொன்ன படமும் வரிசையும் இங்கே இன்னும் அவசியம். வலப்பக்கக் கோனை, செயின் ஓடும் பற்சக்கரமான பிரீவீல் மறைத்திருப்பதால் இடப்பக்கத்திலிருந்தே பிரிக்க வேண்டும். ஆக்ஸிலை வலப்பக்கமாக உருவினால், பிரீவீலைக் கழற்றாமலேயே வலப்பக்கக் கப்பை ஓரளவு எட்டிக் கழுவலாம். முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் பிரீவீல் கழற்றும் கருவி தேவை. பிரீவீலுக்குள்ளும் 1/8 அங்குலப் பொடிக் குண்டுகள் ஏராளமாக உள்ளன. அதைப் பிரிப்பது வீட்டு வேலைக்கு ஏற்றதல்ல. அதற்குள் மண்ணெண்ணெய் புகாதபடி பார்த்துக்கொண்டாலே போதும்.

வலப்பக்கக் கோனும் கெட்டிருந்தால், அதைக் கழற்றுமுன் ஆக்ஸிலின் முனையிலிருந்து லாக் நட்டு வரை உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். புதிய கோன் போட்ட பின் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வாஷர் ஒன்று இடம் மாறினாலும் சக்கரம் சட்டத்தின் நடுவில் நிற்காது. செயின் கோடும் விலகிப்போகும். பல கியர் கொண்ட பிரீவீல் ஹப்களில் வலப்பக்கக் கோன் சட்டத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், ஆக்ஸில் வளைவதும் உடைவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். பின் ஆக்ஸிலைக் கண்ணாடியில் உருட்டிப் பார்க்காமல் பூட்டாதீர்கள்.

கார்ட்ரிட்ஜ் பேரிங் உள்ள ஹப்கள்

புதிய சைக்கிள்கள் பலவற்றில் கப்பும் கோனும் இல்லை. மூடிய பேரிங் அப்படியே ஹப்புக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன் எண் மூடியின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். 6000 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, கனம் 8 மி.மீ.; 6001 என்றால் 12, 28, 8; 6902 என்றால் 15, 28, 7. எண்ணோடு 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது என்று பொருள். சைக்கிளுக்கு அதுவே ஏற்றது. தகர மூடி உள்ள இசட்இசட் வகை நீரைத் தடுக்காது. இந்த எண்ணைச் சொன்னால் மோட்டார் பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், சைக்கிள் கடையைத் தேட வேண்டிய அவசியமில்லை.

பேரிங் சொரசொரப்பில்லாமல் வறண்டு மட்டும் இருந்தால், பிளேடு முனையால் ரப்பர் மூடியை உள் விளிம்பில் நெம்பித் திறந்து, கழுவி, புதிய கிரீஸ் வைத்து மூடிவிடலாம். சொரசொரப்பு இருந்தால் மாற்ற வேண்டும். ஆக்ஸிலை உருவிய பின், உள்ளிருந்து ஒரு கம்பியை பேரிங்கின் விளிம்பில் வைத்து, எதிரெதிர் இடங்களில் மாறி மாறித் தட்டி வெளியே எடுக்கலாம். புதியதைப் பொருத்தும்போது சுத்தியல் வேண்டாம். நீளமான மரைக் கம்பி ஒன்று, இரண்டு நட்டுகள், பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் படும் அளவுள்ள வாஷர்கள் ஆகியவற்றைக் கொண்டு மெல்லத் திருகி உள்ளே அழுத்துங்கள். அழுத்தம் உள்வளையத்தில் விழுந்தால், அது குண்டுகளின் வழியாகவே கடந்து, ஓட்டுமுன்னரே தடத்தில் அச்சு பதித்துவிடும். பழைய பேரிங்கே அளவெடுத்தாற்போன்ற வாஷராகப் பயன்படும் என்பதால் அதை உடனே தூக்கிப் போடாதீர்கள்.

மாட்டிய பிறகு

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இரு பக்கமும் மாறி மாறி இறுக்கி, ரிம் இரு பிரேக் கட்டைகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நட்டு இறுகும்போது ஆட்டம் மாறக்கூடும் என்பதால் ரிம்மை ஆட்டிப் பார்க்கும் முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி விட்டால், வால்வோ ரிஃப்ளெக்டரோ உள்ள கனமான பக்கம் தானாகவே கீழே இறங்கி, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். நடுவழியில் சட்டென்று நின்றுவிட்டால் கோன் இறுக்கம். ரப்பர் மூடி உள்ள பேரிங்கில் இந்த ஊசலாட்டம் குறைவாகத்தான் இருக்கும், அது குறையல்ல. பின் சக்கரத்தில் செயினின் தொய்வையும் பிரேக்கையும் பார்த்துவிட்டே தெருவில் இறங்குங்கள்.

புதிய கோனும் குண்டும் முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் தடத்தில் படிந்து அமரும். அப்போது மெல்லிய ஆட்டம் தோன்றினால், ஹப்பைப் பிரிக்க வேண்டாம்; லாக் நட்டை இளக்கி, கோனை ஒரு நூலளவு உள்ளே திருப்பி, மீண்டும் பூட்டினால் போதும்.